ஆ கிம்முடன் காஞ்சிபுரத்துக்கு

1

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, உங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார். என் மகள் மலர்விழி எழுந்து நின்று, காஞ்சிபுரம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அங்கே பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள், இட்லி தொடை கனத்துக்கு இருக்கும், வண்டிக் குதிரைக்குக்கூட நெற்றியில் பொட்டு வைப்பார்கள் என்றெல்லாம் விவரமும் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை மகிழ்ந்து போய், நீ அங்கே போயிருக்கிறாயா என்று கேட்டாராம். இவள் போனதில்லை. இவள் பினாங்கைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

துறைமுகத்திலிருந்து வேலை முடிந்து வந்த நான், சட்டையைக் கழற்றிக்கொண்டே, நம் ஊர் சைதாப்பேட்டை அம்மா, காஞ்சிபுரம் இல்லை என்றேன். மலர்விழி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் இறங்கிப் போய், கீழே கடையில் இருந்த ஆ கிம்மிடம் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ விசாரித்தாள். திரும்பி வந்து, "ஆ கிம் காஞ்சிபுரம்தான்னு சொல்றாங்க அப்பா" என்றாள். அவளுக்கு என் சொல்லைவிட அந்தச் சொல் பெரிது. தமிழைவிட ஹொக்கியன் அவளுக்கு வேகமாகவும் வருகிறது. இதைப் பற்றி நானும் என் மனைவி கமலாவும் அவ்வப்போது கவலைப்படுவதுண்டு; அன்றைக்குச் சிரித்துவிட்டோம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஆ கிம் யாரென்று சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. கீழே ஊதுபத்தியும் சாமிக்கு எரிக்கிற காகிதங்களும் விற்கும் கடை, மேலே நாங்கள். ஆ கிம் என்பது பெயர் அல்ல, தாய்மாமன் மனைவியைச் சீனர்கள் அழைக்கும் முறை. நம் கணக்கில் அத்தை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் தனி ஆளாக இந்தத் தீவில் அறை தேடி அலைந்தபோது, நாலைந்து வீடுகளில் முகத்தைப் பார்த்ததுமே இடமில்லை என்றார்கள். இந்தக் கடையில் மட்டும் ஒரு விதவை, எந்த ஊர் என்று மலாயில் கேட்டாள். மெட்ராஸ் என்றேன். அவள் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினாள். கறுத்த ஆள், காடாய்த் தாடி, பிதுங்கிய பெரிய கண்கள், ஒற்றை நாணல் மேல் நின்றபடி நீரைக் கடக்கிறார். நான் யாரோ கடற்கொள்ளைக்காரன் என்று நினைத்தேன்.

"இவர் தத்மோ. உன் ஊர்க்காரர். மெட்ராஸுக்குப் பக்கத்தில் காஞ்சி, அங்கே ராஜாவின் மூன்றாவது மகன்" என்றாள். பிறகு என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "கண் அப்படியே இருக்கிறது" என்றாள். எனக்கு அறை கிடைத்தது. தத்மோ என்று அவர்கள் சொல்லும் போதிதருமரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. காஞ்சிபுரத்துக்கும் போனதில்லை. சென்னைக்காரர்கள் காஞ்சிபுரத்துக்குப் போவதில்லை. எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள்.

2

ஆ கிம்முக்கு ஒரே மகன், பூன் ஹெங். சீனப் பள்ளியில் ஆசிரியர். மலர்விழி கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் உலாத்துவான். அவனுக்குப் பெண் பேசி, நாள் பார்க்கும் கட்டத்தில், ஒரு காலை அவன் மலைமேல் இருக்கும் கோயிலுக்குப் போய்த் தலையை மழித்துத் துறவியாகிவிட்டான். தத்மோ காட்டிய வழி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், பயனில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த மலைப்பக்கம் போகவில்லை. அவனைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

படத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். ஆனாலும் காலையில் ஊதுபத்தி காட்டுவது நிற்கவில்லை. படத்தின் முதுகுக்குக் காட்டினாள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். சைதாப்பேட்டையில் என் அக்கா சரோஜாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் நான் போகாமல் முடியாது. மலர்விழி அப்போது சிறு பிள்ளை என்பதால் கமலா தங்கிவிட, நான் மட்டும் கப்பலுக்கு ஏற்பாடு செய்தேன். அதைச் சொல்லக் கீழே போனபோது ஆ கிம் கேட்டாள்:

"மெட்ராஸிலிருந்து காஞ்சி எவ்வளவு தூரம்?"

பஸ்ஸில் போனால் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றேன்.

"நானும் வருகிறேன். அந்த ஊர் ஆட்களிடம் ஒன்று கேட்க வேண்டும்."

என்ன என்றேன்.

"மூன்றாவது மகன் கடல் கடந்து போனான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். படம் வரைகிறார்கள், கும்பிடுகிறார்கள். அவன் போன பிறகு அவன் அம்மா என்ன செய்தாள்? அதை ஒருவரும் சொல்வதில்லை. அந்த ஊரில் தெரிந்திருக்கும்."

அவர் போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து, சரி, வாருங்கள் என்றேன்.

சென்னைத் துறைமுகத்தில் அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். சீனாக்காரனோடு சண்டை நடந்து அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாஸ்போர்ட் மலேசியாவுடையது, பிறந்த ஊர் பினாங்கு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். உங்களுக்கு இவர் என்ன உறவு என்றார். வாய் தவறாமல், அத்தை என்றேன். அவர் என்னையும் அவளையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தங்கும் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

என் அக்கா இதைக் கேட்டுவிட்டு, அப்படின்னா எனக்கும் அத்தைதான் என்று முடிவுகட்டி, அவளைப் பெட்ஷீட் விரித்த கட்டிலில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் காப்பியைக் கையில் திணித்தாள். கல்யாணப் புடவையைக் காஞ்சிபுரத்திலேயே நெய்கிறவர் வீட்டில் எடுத்து வரும் பொறுப்பையும் என் தலையில் கட்டினாள்.

3

பஸ்ஸில் கண்டக்டரிடம் நான், "காஞ்சிபுரம், டுவா" என்றேன். மலாயில் டுவா என்றால் இரண்டு. பல வருஷப் பழக்கம், நாக்கு கேட்கவில்லை. "டுவாவெல்லாம் போகாது சார், காஞ்சிபுரத்தோட சரி" என்றார் அவர்.

பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் என்று பஸ் போகப் போக, இரண்டு பக்கமும் ஏரிகளும் பனைகளும் வந்தன. ஆ கிம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும், குற்றம் கண்டுபிடிக்க வந்த சம்பந்தியைப் போல உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்குள் இறங்கியதும் பசி. ஓட்டலில் இட்லி கேட்டோம். மிளகும் சுக்கும் மணக்க, இலையில் வெந்த கனத்த துண்டு வந்தது. ஆ கிம் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், சாப்பிட்டாள், இன்னொன்று கேட்டாள். அவள் ஏதாவது ஒன்றை ரசித்து, மறுமுறை கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

வெளியே குதிரை வண்டிகள் நின்றன. முனுசாமி என்றொருவர், எங்கள் இருவரையும் கண்டதும் மற்ற வண்டிக்காரர்களை முந்திக்கொண்டு வந்தார். நாள் முழுவதும் சுற்ற வேண்டும், ஒருவருடைய ஊரைத் தேடி வந்திருக்கிறோம் என்று சொல்லி, தத்மோ என்ற பெயரைச் சொன்னேன்.

அப்படி ஒரு சாமி நம் ஊரில் இல்லை என்றார் முனுசாமி. இந்த ஊர்ச் சாமி அத்தனையும் தனக்குத் தெரியும் என்றார். போதிதருமர் என்று விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது. "தருமரா? அத முதல்ல சொல்லக்கூடாதா சார்" என்று வண்டியைத் திருப்பி, ஒரு தருமராஜா கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆ கிம் உள்ளே பஞ்ச பாண்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வந்து, தாடி இல்லை என்றாள்.

பிறகு கைலாசநாதர் கோயில். அங்கே தூண்களைத் தாங்கிக்கொண்டு நிற்கும் கல் சிங்கங்களைக் கண்டதும் ஆ கிம் நின்றுவிட்டாள். எங்கள் கோயில் வாசலில் இருப்பதும் இதே சிங்கம்தான் என்றாள். ஒரு சிங்கத்தின் வாய்க்குள் விரல் விட்டுப் பல்லைத் தடவிப் பார்த்தாள். சிங்கம் இங்கிருந்து போயிருந்தால் ஆளும் இங்கிருந்து போயிருக்கலாம் என்று அவளுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

அங்கே யாரோ சொன்னார்கள் என்று திருப்பருத்திக்குன்றத்துக்கும் போனோம். சமணக் கோயிலில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். இது வர்த்தமானர், நீங்கள் தேடுவது புத்தர் கூட்டத்தைச் சேர்ந்தவரை என்றார். அவர்கள் ஒரு காலத்தில் இந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை என்றார். காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. ஆ கிம் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு வந்தாள். முனுசாமிக்குத்தான் தாங்கவில்லை. ஒரு ஆள் இந்த ஊர்க்காரர், அவரைத் தேடி ஒரு அம்மா கடல் தாண்டி வந்திருக்கிறாள், ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றால் அசிங்கமில்லையா என்று குதிரையிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

4

புடவைக்காகப் பிள்ளையார்பாளையம் போனோம். தெருவில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சிவப்புப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, ஆணும் பெண்ணுமாக இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு தறி அடிக்கும் சத்தம். முனுசாமிக்குத் தெரிந்த சபாபதி என்பவர் வீட்டுக்குள் நுழைந்தோம். அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தனபாக்கியம் மடி மடியாகப் புடவைகளை எடுத்துப் போட்டாள். அக்கா சொன்ன மாம்பழ நிறம் கிடைத்தது. என் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

தனபாக்கியத்துக்கோ புடவையைவிட ஆ கிம் மேல்தான் கண். அவளுக்குப் பாய் விரித்து, மோர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். இந்தம்மாவுக்கு எத்தனை பசங்க என்று என்னைக் கேட்டாள். நான் மலாயில் கேட்டு, ஒருத்தன் என்று தமிழில் சொன்னேன். என்ன வேலை என்றாள். எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆ கிம்மைப் பார்த்தேன். சொல் என்பது போலத் தலையசைத்தாள்.

சாமியாராகிவிட்டான் என்றேன்.

தறிச் சத்தம் நின்றது. சபாபதி நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

தனபாக்கியம் ஐயோ என்றெல்லாம் சொல்லவில்லை. அவன் இருக்கிற இடத்தில் சோறு யார் போடுகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். நான் அதை மலாயில் கேட்டதும் ஆ கிம் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். எனக்குத் தெரியாது, நான் போய்ப் பார்க்கவில்லை என்றாள்.

"போய்ப் பாக்கலியா?" என்றாள் தனபாக்கியம். "இன்னாமா இது. அவன் சாமியாரா பூட்டான், சரி. நீ அம்மா இல்லாம பூட்டியா?"

நான் மொழிபெயர்ப்பதற்குள்ளேயே ஆ கிம்முக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் முழுவதையும் சொன்னேன். அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கடல் தாண்டிச் சுமந்து வந்த கேள்வியைக் கேட்டாள். இந்த ஊர் ராஜாவின் மூன்றாவது மகன் வீட்டை விட்டுப் போன பிறகு, அவன் அம்மா என்ன செய்தாள்?

தனபாக்கியம் அது எந்த ராஜா, எந்தக் காலம் என்று கேட்கவே இல்லை.

"இன்னா பண்ணியிருப்பா? அழுதிருப்பா. அப்புறம் எழுந்து உலை வெச்சிருப்பா. இன்னும் ரெண்டு பேர் இருக்கறாங்க இல்ல, அவங்களுக்குப் பசிக்காதா?"

எனக்கு இன்னும் ரெண்டு பேர் இல்லையே என்றாள் ஆ கிம். அப்படிச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனபாக்கியம் அவள் முழங்காலில் கையை வைத்தாள். அதுக்கென்ன, ஒருத்தனுக்கே வெச்சுக் கொண்டுபோய்க் குடு என்றாள்.

ஆ கிம் சட்டையின் உட்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். அது அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. பூன் ஹெங் ஆசிரியராக இருந்தபோது எடுத்தது. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, வாரிவிட்ட முடி. தனபாக்கியம் பார்த்துவிட்டு, அம்மா ஜாடைதான் என்றாள். சபாபதி வாங்கிப் பார்த்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாங்கினார்கள். போட்டோ தெருவில் இறங்கி, இழுத்துக் கட்டிய பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கைமாறிப் போயிற்று. எவ்வளவு உயரம், எவ்வளவு படித்தவன், பார்த்து வைத்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்றா என்று கேள்வி மேல் கேள்வி. ஆயிற்று என்றதும் பெண்கள் நிம்மதியடைந்தார்கள். ஆ கிம் தெரு நடுவில் நின்றுகொண்டு பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த பேச்செல்லாம் வந்தது. மலாயை விட்டு ஹொக்கியனுக்கே போய்விட்டாள். அது எனக்கு அரைகுறை, எனவே பாதியை நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

5

கூட்டம் கூடினால் சேதி பரவாமல் இருக்குமா? சீனாக்காரி ஒருத்தி வந்து போட்டோ காட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். தொந்தரவாக நினைக்காதீர்கள், ஏட்டையா ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறார், ஸ்டேஷன் வரை வந்துவிட்டுப் போங்கள் என்று பணிவாகத்தான் சொன்னார். வெளிநாட்டுக்காரி, அதுவும் இந்த முகம். கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? தனபாக்கியம் கூடவே புறப்பட்டாள். முனுசாமி அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

ஏட்டு வயசானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எதற்காகக் காஞ்சிபுரம் வந்தீர்கள் என்றார். இந்த ஊரிலிருந்து போன ஒருவரைப் பற்றி விசாரிக்க என்றேன்.

"காணாமப் போனவரா? எப்ப போனாரு?"

"பல்லவ ராஜா காலத்தில்" என்றேன்.

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். என் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றதும், உட்காருங்க சார், முதலிலிருந்து சொல்லுங்க என்றார். நான் படத்திலிருந்து தொடங்கினேன். விட்ட இடங்களைத் தனபாக்கியம் நிரப்பினாள். பாதியில் திரும்பிப் பார்த்தால் ஆ கிம் நாற்காலியில் இல்லை.

பதறிப் போய் வெளியே ஓடினேன். ஸ்டேஷன் வளாகத்தில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து, கல்லில் ஒரு புத்தர். ஒரு தோளில் யாரோ காயப்போட்ட துண்டு. மடியில் காலையில் வைத்த செம்பருத்தி வாடிக் கிடந்தது.

பின்னாலேயே வந்த ஏட்டு, எங்கேயோ மண் தோண்டும்போது கிடைத்த சிலை, வேறு இடம் கிடைக்காமல் இங்கே கொண்டுவந்து வைத்தார்களாம், நான் இந்த ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்றார். நீங்கள் தேடுகிறவர் இவரா என்று கேட்டார். இவர் இல்லை, இவர் வழியில் பின்னால் வந்த சீடர் என்றேன்.

ஆ கிம் எங்களைக் கவனிக்கவில்லை. அந்தத் துண்டை எடுத்து நான்காக மடித்துப் பக்கத்துச் சைக்கிள் மேல் வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு புத்தரிடம் பேச ஆரம்பித்தாள். கடையில் கடன் சொல்லிவிட்டு வராமல் போன ஆளை நடுத்தெருவில் மடக்கினால் எப்படிப் பேசுவாளோ, அந்தக் குரல். நீண்ட நேரம் பேசினாள். போலீஸ்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டார்கள். என்ன மந்திரம் சார் இது என்றார் ஏட்டு, தணிந்த குரலில்.

மந்திரம் இல்லை, மகனைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்றேன். எழுதிக்கொள்ள வேண்டுமா என்றார். வேண்டாம், வாய்மொழிதான் என்றேன். அவர் தலையாட்டினார்.

முடித்ததும் ஆ கிம் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் திரும்பி, "தத்மோவுக்கு முன்னாலேயே வீட்டை விட்டுப் போய் ஆரம்பித்து வைத்தவர் இவர்தானே. சொல்ல வேண்டியதை இவரிடமே சொல்லிவிட்டேன்" என்றாள். பிறகு மூன்று முறை குனிந்து கும்பிட்டாள். தனபாக்கியமும் தன் பங்குக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏட்டு டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார். பஸ் ஏறும்போது தனபாக்கியம் ஆ கிம்மின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். ஆ கிம் என்னென்னவோ பதில் சொன்னாள். என்னை இருவரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

6

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பினாங்கு திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆ கிம் கடையைச் சாத்தினாள். துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு மலைக்கோயிலுக்குப் படியேறினாள். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள்; திரும்பிவிடுவாளோ என்று நினைத்தேன். திரும்பவில்லை.

பூன் ஹெங்கை அழைத்து வந்தார்கள். மழித்த தலை, சாம்பல் நிற அங்கி. அம்மாவைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பி நின்றான். இளைத்துவிட்டாய் என்றாள். இல்லை என்றான். இளைத்துத்தான் இருந்தான்.

"உன் குருவின் ஊருக்குப் போய்விட்டு வந்தேன்" என்றாள் ஆ கிம். "நல்ல ஊர். ஆனால் அங்கே அவரை ஒருவருக்கும் தெரியவில்லை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். புகழை வேண்டாம் என்று போனவர்தானே அம்மா என்றான் மெல்ல.

"உன்னை எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அவள். "ஒரு தெரு முழுக்கப் போட்டோ காட்டிவிட்டு வந்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லி வைத்திருக்கிறேன்."

அந்த முற்றத்தில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று பிறகு கேள்விப்பட்டேன். பூன் ஹெங் சிரித்தான். உள்ளே தியானத்தில் இருந்த கிழத்துறவி ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். சிரித்து ஓய்ந்து, அங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னான்.